சாவி வீடு

ஜூன் 9

அன்புள்ள துரைக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்க நல விசாரிப்பு. அப்போதே தெரிந்துவிட்டது, இரண்டாம் பக்கத்தில் எனக்கு ஏதோ வேலை வைத்திருக்கிறாய் என்று. சின்ன வயதில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குவாய் என்றுதான் அப்பா உனக்குத் துரை என்று பெயர் வைத்தார். பெயரைக் காப்பாற்றுகிறாய்.

போனில் பேசியிருக்கலாமே என்று உன் மாமா கேட்டார். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில்தான் என் முறை வரும் என்றேன். சிரித்துக்கொண்டே பட்டறைக்குப் போய்விட்டார்.

உன் வெள்ள நிவாரண நிறுவனத்து மேலதிகாரிகளுக்குக் காட்ட, சாவி வீடு என்றால் என்ன என்று ஒரு பத்தி கேட்டிருந்தாய். இதோ. ஆறு கரை மீறினால் முதலில் மூழ்குவது கீழ்த்தெரு. அங்கே இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மிஞ்சுவது எழுந்து நடக்க முடியாதவர்கள். அதனால் கீழ்த்தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் மேல்தெருவில் ஒரு சாவி வீடு உண்டு. மாற்றுச் சாவி அங்கே வாசல் நிலையை ஒட்டி ஆணியில் தொங்கும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால் சாவி வீட்டுக்காரர் யாரையும் கேட்கவேண்டியதில்லை. சாவியோடு இறங்கிப்போய்க் கதவைத் திறந்து ஆளைத் தூக்கி வருவார். கட்டில் எந்த அறையில், எந்தத் தோளைப் பிடித்தால் வலிக்கும், யார் தன் பூனை இல்லாமல் நகரமாட்டார், எல்லாம் அவருக்குத் தெரியும். சுவர்த் தகராறில் கோர்ட்டுக்குப் போன இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வருகிறார்கள். சாவி மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

இது போதும் உங்கள் அலுவலகத்துக்கு. இனி எனக்குப் புரியாதது. “உள்ளூர்த் தலைமையில் பேரிடர் ஆயத்தம்” என்று உங்கள் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில், சாவிகளையெல்லாம் உங்கள் கள அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்கிறது. தலைமை எங்களுடையது, சாவி உங்களுடையதா?

கீழ்த்தெருவில் பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுச் சாவியும் என் வாசலில்தான் தொங்குகிறது. அதுவும் பெட்டிக்குப் போக வேண்டுமா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை திட்டுகளை விட்டுவிட்டுப் படித்தேன். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாவி வீட்டைப் பற்றி நீ எழுதிய பத்தியை அப்படியே கூட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் அசந்துபோனார்கள். இப்படி ஓர் ஏற்பாடு எங்கேயும் இல்லை என்றார்கள். அதனால்தான் அக்கா, அதைப் பாதுகாக்கவேண்டும் என்கிறார்கள். யார் வீட்டுச் சாவி யார் கையில் என்று இன்று ஒரு பதிவும் இல்லை. நாளைக்கு ஒரு வீட்டில் திருட்டு நடந்தால்? பழி உங்கள் இரண்டு தெருச் சங்கத்தின் மேல்தானே விழும்? செயலாளர் நீ.

பெட்டி வந்தால்தான் ரப்பர் படகும் தண்ணீர் இறைக்கும் பம்பும் வரும். இரண்டும் ஒரே ஒப்பந்தம். நான் போராடி வாங்கியது. நீ சொன்னால்தான் இரண்டு தெருவும் கேட்கும். எனக்காக இதை மட்டும் செய்.

என் வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும். நீ பெட்டியைவிடக் கனமான பூட்டு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
துரை


ஜூலை 18

அன்புள்ள துரைக்கு,

செய்தாயிற்று. கல்லூரி விட்டு வந்து தினமும் சாயங்காலம் இரண்டு தெருவிலும் ஏறி இறங்கினேன். புள்ளியியல் வகுப்பில் மாணவிகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுப்பது இதைவிடச் சுலபம்.

கோர்ட் குடும்பங்கள் முதல்முறையாக ஒரே பேச்சு பேசின: தரமாட்டோம் என்று. பிறகு ஒப்பந்தத்தில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, “நம்ம டீச்சர் தம்பிதானே” என்று கொடுத்தார்கள். சங்கத் தலைவி, அதுதான் இஸ்திரிக் கடை அக்கா, இஸ்திரிப் பெட்டியின் கரி அணைகிற வரைக்கும் என்னைக் காக்க வைத்துவிட்டு, “டீச்சர், உங்க மொகத்துக்காகத் தர்றேன். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க மொகத்தைத்தான் வந்து பாப்பேன்” என்றாள்.

ரேடியோ ரிப்பேர்காரர்தான் கடைசி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, அவர் மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனால் நாள் முழுக்கத் தனியாகத்தான் கிடக்கிறார். அவருக்குச் சாவி வீடு நான். வாய் கோணிக்கொண்டாலும் பேச்சில் குறும்பு குறையவில்லை. “சாவி உங்க வீட்டு ஆணியில தொங்கினா, யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியும்மா. பொட்டியில இருந்தா யாரு வருவா, பொட்டியா எறங்கி வரும்?” என்றார்.

அதையே உன்னைக் கேட்கிறேன். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும்? எப்போது திறப்பார்கள்? திறக்க யார் சொல்லவேண்டும்? நல விசாரிப்பு வேண்டாம், பதில் மட்டும் எழுது.

என் வாசல் நிலையில் இப்போது உன் சாவி மட்டும் தனியாகத் தொங்குகிறது. அதையும் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று கை போயிற்று. விட்டுவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல விசாரிப்பு இல்லாமல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உன் கட்டளை.

பெட்டியின் சாவி கள அலுவலரிடம் இருக்கும். வெள்ள எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போனதும் தலைமை அலுவலகம் அனுமதி தரும், அவர் பெட்டியைத் திறந்து சாவிகளை உன் சங்கத்திடம் கொடுப்பார். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. யாரை நம்புவது, யாரை நம்பாதது என்கிற பேச்சே இல்லை அக்கா. நடைமுறை, அவ்வளவுதான்.

ரேடியோக்காரரிடம் சொல், பெட்டி இறங்கி வராது, ஆனால் ஆள் வரும்.

துரை


அக்டோபர் 21

தம்பிக்கு,

ஆள் வரவில்லை.

நேற்று முன்தினம், எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, கீழ்த்தெருக் கோடியில் சாக்கடை மூடி தானாக எழும்பி நின்றது. அது எழும்பினால் ஆறு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். மேல்தெருவே வெளியே ஓடி வந்தது; கல்லூரிக்கு மழை விடுமுறை, நானும் வீட்டில்தான் இருந்தேன். ஓடி வந்தவர்கள் கை பழக்கத்தில் வாசல் நிலைக்குப் போனதை நான் பார்த்தேன். என் கையும் போயிற்று. எல்லாருக்கும் வெறும் ஆணி; எனக்கு உன் சாவி மட்டும்.

உங்கள் அலுவலகத்துக்கு ஓடினோம். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. போன் போட்டேன். உங்கள் கள அலுவலர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “மேடம், எச்சரிக்கை முதல் நிலை வந்தாலே ஸ்டாஃப் எல்லாம் ஊரை விட்டு வெளியேறணும்னு ஆர்டர் மேடம். நாங்க நேத்தே கெளம்பிட்டோம்.”

“பெட்டிச் சாவி?”

“அது என் பேக்லதான் மேடம் இருக்கு. பத்திரமா இருக்கு.”

பத்திரமாக இருக்கிறதாம். படித்துப் பார்: முதல் நிலையில் உங்கள் ஆட்கள் வெளியேற வேண்டும், இரண்டாம் நிலையில் அதே ஆட்கள் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டையும் எழுதியது ஒரே அலுவலகம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்துப் பார்க்க அங்கே ஒருவர் கூடவா இல்லை? படித்திருந்தால் நீதான் படித்திருக்க வேண்டும்.

உன் மாமா பட்டறையிலிருந்து ஜாக்கி கொண்டுவந்து ஷட்டரைத் தூக்கினார். தகடு கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டியைக் கம்பியால் நெம்பினார். திறந்தது. உள்ளே எல்லாச் சாவியும் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு வில்லை. வில்லையில் எண். பெயர் இல்லை. எந்த எண் எந்த வீடு என்பது உங்கள் அலுவலரின் கணினியில், பையில், வேறு ஊரில், பத்திரமாக.

“வரிசை வரிசையா நம்பரு போட்டிருக்கானுங்களே, இதுல என் வீடு எதுடா?” என்று இஸ்திரிக் கடை அக்கா கத்தினாள். சாவிகளைத் தரையில் கொட்டிவிட்டுக் கடப்பாரையோடு ஓடினோம்.

மற்ற வீடுகளில் மெல்லிய பலகைக் கதவுகள், ஓர் உதையில் விட்டன. ரேடியோக்காரர் வீட்டுக் கதவு தேக்கு. அவர் நன்றாகச் சம்பாதித்த காலத்தில் ஆசையாகப் போட்டது. அது உடைய நேரமாயிற்று. உள்ளே போனபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியை நல்ல கையால் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் தொங்கினார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாயில் தண்ணீர் போய்க் கேட்கவில்லை. இப்போது அவர் மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்கிறார்.

உங்கள் ரப்பர் படகு அலுவலகத்தின் பின்னறையில் காற்றடிக்காமல் மடித்தபடியே நனைந்து கிடந்தது.

உன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே. அப்பா உயரமாக எழுப்பிக் கட்டியதால் தண்ணீர் படியோடு நின்றுவிட்டது.

அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவின் கை எப்படி இருக்கிறது? தையல் போட்டார்களா?

நீ எழுதியது எல்லாம் சரி. மறுக்கவில்லை. ஊழியர்களை வெளியேற்றும் விதி வேறோர் ஊரில் எங்கள் டிரைவர் ஒருவர் வெள்ளத்தில் போன பிறகு வந்தது. அவருக்கும் குடும்பம் இருந்தது அக்கா. அந்த விதியையும் பெட்டியையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். இதிலிருந்து கற்றுக்கொண்டதைக் கட்டாயம் சேர்ப்பேன். இனிமேல் வில்லையில் எண்ணோடு பெயரும் இருக்கும். அடுத்த மழைக்குள் இந்தத் திட்டம் இன்னும் பல ஊர்களுக்குப் போகிறது; உன் ஊர்தான் முன்மாதிரி. உன் சங்கத்தார் எல்லாரும் நிற்கிற மாதிரி ஒரு படமும், கூட்டாண்மையைப் பற்றி உன் வார்த்தையில் இரண்டு வரியும் அனுப்ப முடியுமா? கோபம் தணிந்த பிறகு அனுப்பினால் போதும்.

உன் தம்பி,
துரை


நவம்பர் 12

தம்பிக்கு,

உன் மாமாவின் கையில் தையல் பிரித்தாயிற்று. கேட்டதற்கு நன்றி.

ரேடியோக்காரர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். நுரையீரலில் வெள்ளத் தண்ணீர் இறங்கிச் சளி கட்டி, காய்ச்சல் குறையவே இல்லை. மகள் தன் வார்டிலேயே, தன் கையாலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கருவியை அணைத்துவிட்டு, சீருடையோடு தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “சாவி உங்க வீட்டிலயே இருந்திருந்தா நீங்க வந்திருப்பீங்கல்ல, அக்கா?” என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். வந்திருப்பேன் என்றேன். தலையாட்டினாள்.

வெளியே இஸ்திரிக் கடை அக்கா நின்றிருந்தாள். சொன்ன மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூட்டாண்மையைப் பற்றி இரண்டு வரி கேட்டாய். பங்காளி என்றால் நம் குடும்பத்தில் என்ன அனுபவம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நிலம் பிரித்தபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். அந்தப் பங்காளிகள்கூடப் பேச்சை நிறுத்தினார்களே தவிர, நம் வீட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகவில்லை.

படம் எடுக்க இங்கே யாரும் தயாராக இல்லை. நான் கேட்பது இதுதான். அறிக்கையில் “உயிர்ச்சேதம் இல்லை” என்ற வரி இருக்கக்கூடாது. ஒருவர் இறந்தார், பெட்டி பூட்டியிருந்ததால் இறந்தார் என்று எழுது. பெட்டி இன்னோர் ஊருக்குப் போகக்கூடாது. எங்களிடம் ஒரு முறை இருந்தது. அது நன்றாக இருந்தது. உங்களுக்கு உதவ மனம் இருந்திருந்தால் படகைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். எங்களோடு கைகோத்தால் போதாது உங்களுக்கு, கையைக் கட்டவும் வேண்டும்.

உனக்கு நான் இதுவரை எதற்கும் கெடு வைத்ததில்லை. இந்த அறிக்கை அச்சாகும் வரை பார்ப்பேன்.

அக்கா


டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ரேடியோக்காரர் எனக்கும் ரேடியோக்காரர்தான். அவர் கடைவாசலில் நின்று கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவன் நான்.

நான் எழுதினேன். நீ சொன்னது அப்படியே இல்லை, ஆனால் எழுதினேன். மேலதிகாரி திருப்பி அனுப்பினார். வெள்ளம் வடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் நேரும் மரணம் எங்கள் வரையறைக்குள் வராது என்றார். சான்றிதழிலும் நுரையீரல் தொற்று என்றுதான் இருக்கிறது. கடைசியில், “நேரடி உயிர்ச்சேதம் இல்லை” என்று முடிவாயிற்று. “நேரடி” என்ற அந்தச் சொல்லைச் சேர்க்கவே நான் அரைநாள் வாதாட வேண்டியிருந்தது. நீ நம்பமாட்டாய்.

பெட்டி மற்ற ஊர்களுக்குப் போகிறது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவர் போடுவார், என் மேசை காலியாகும், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருந்துகொண்டுதான் எதையும் மாற்ற முடியும் என்று நினைக்கிறேன். நீயும் கொஞ்சம் என் இடத்திலிருந்து பாரேன்.

ஜூனில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். நேரில் பேசினால் எல்லாம் சரியாகும். வீட்டையும் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். சாவி உன் ஆணியில்தானே இருக்கிறது?

உன் தம்பி,
துரை


ஜனவரி 3

கூட்டாண்மை அலுவலர் அவர்களுக்கு,

கீழ்த்தெரு, மேல்தெரு மக்கள் கூடிப் பேசி எடுத்த முடிவைத் தெரிவிக்கிறேன். உங்கள் நிறுவனத்துடனான ஒப்பந்தத்திலிருந்து எங்கள் சங்கம் விலகுகிறது. உடைத்த ஷட்டரை நாங்களே சரிசெய்துவிட்டோம். படகு, பம்பு இரண்டையும் துடைத்து உலர்த்தி வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். பெட்டி சங்கத்தின் பொறுப்பில் இல்லை. அதை உன் மாமா உருக்கப் போட்டுவிட்டார்.

உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், திட்டம் செல்லவிருக்கும் ஊர்களின் சங்கங்களுக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். அந்தச் சங்கங்கள் அனைத்துக்கும், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டோம். சில ஊர்களிலிருந்து ஆட்களும் வந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. வாசல் நிலையைக் காட்டினோம், உடைந்த தேக்குக் கதவைக் காட்டினோம். அவர்கள் தங்கள் ஊரில் தண்ணீர் எப்படி வரும் என்று சொன்னார்கள். ஓர் ஊர்க்காரர்களிடம் மரப்படகு இருக்கிறதாம். அடுத்த மழைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்

துரை,

மேலே எழுதியது அலுவலகத்துக்கு. இது உனக்கு.

சாவிகள் ஆணிகளுக்குத் திரும்பிவிட்டன. நான் போய்க் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. என் ஆணிக்கு மட்டும் பல நாள் எதுவும் திரும்பவில்லை. போன வாரம் இஸ்திரிக் கடை அக்கா வந்து தன் வீட்டுச் சாவியை என் ஆணியில் மாட்டினாள். “இனிமே யார் கேட்டாலும் எடுத்துக் குடுக்காதீங்க, டீச்சர்” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, “உங்க தம்பி கேட்டாலும்” என்றாள்.

உன் இடத்திலிருந்து பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழ்த்தெரு தெரியவில்லை.

அரைநாள் வாதாடினாய் என்பதை நான் நம்புகிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மை தெரியாதவன் அந்த வரியை எழுதியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். தெரிந்தவன், அதற்குப் பொருத்தமான சொல்லைத் தேடி அரைநாள் செலவிட்டிருக்கிறாய்.

உன் வீட்டுச் சாவி என் ஆணியில் இல்லை. ரேடியோக்காரர் மகளிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் கதவும் இல்லை, சுவரும் ஊறி இளகிக் கிடக்கிறது. அவள் டிசம்பர் கடைசியில் உன் வீட்டுக்குக் குடிவந்தாள். அப்பாவின் அறையில் கட்டில் போட்டிருக்கிறாள். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நடைமுறை சொல்லியிருப்பாய். அவள் எவ்வளவு காலம் இருப்பாள் என்பதை அவளிடம் கேட்டுக்கொள். நான் இனி உனக்குச் சாவி வீடு இல்லை.

ஜூனில் வருவதானால் வா. நேரே கீழ்த்தெருவுக்குப் போ. அவளிடம் “நேரடி” என்ற அந்தச் சொல்லை நீயே விளக்கிச் சொல். நான் முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அவளுக்குப் பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூங்குவாள். கதவை மெதுவாகத் தட்டு.

அக்கா